பிரசவ வார்டில் ஒரு ஒப்புதல் படிவம்: தாய் சேய் மருத்துவ ஆய்வுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கர்ப்பிணிகளிடமும், குறைமாதத்தில் குழந்தை பெற்றவர்களிடமும், குழந்தைப்பேறு சிகிச்சைக்கு வருகிறவர்களிடமும் "ஒரு ஆய்வு நடக்கிறது, சேர விருப்பமா?" என்று கேட்பது பல ஆண்டுகளாக என் வேலை. படிவத்தை நீட்டியதும் எதிரே இருப்பவரின் முகம் மாறும். அப்போது வரும் கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். நேரமில்லாமல் அரைகுறையாகச் சொல்லி முடித்த பதில்களை இங்கே முழுதாகச் சொல்லப் பார்த்திருக்கிறேன்.

கிளினிக்கல் டிரையல் என்றால் என்னை வைத்துச் சோதனை செய்வதா?

ஆமாம், சோதனைதான். அந்தச் சொல்லை மழுப்ப வேண்டியதில்லை. ஆனால் சோதிக்கப்படுவது நீங்கள் அல்ல, சிகிச்சை. ஒரு மருந்தோ, ஒரு கருவியோ, ஒரு பராமரிப்பு முறையோ இப்போது இருப்பதைவிட நல்லதா, கெட்டதா, இரண்டும் ஒன்றுதானா என்று மனிதர்களிடம் முறையாகப் பார்ப்பதற்குத்தான் இந்தப் பெயர்.

சோதனை மருத்துவமனைக்கு வெளியே எங்கோ நடப்பதாக நினைக்கிறோம். சரியாக ஆராயப்படாத ஒரு மருந்தை உங்களுக்கு எழுதிக் கொடுத்தால் அதுவும் சோதனைதான். யாரும் கணக்கு வைக்காத சோதனை. யாருக்கு நல்லது நடந்தது, யாருக்குக் கெட்டது நடந்தது என்று யாருமே திரும்பிப் பார்க்காத சோதனை. அதைக் கண்டுதான் எனக்குப் பயம்.

கர்ப்பிணிகளை இதில் ஏன் இழுக்க வேண்டும்? அவர்களையாவது விட்டுவிடலாமே?

அடிக்கடி வரும் கேள்வி இதுதான். கேட்பவர் பெரும்பாலும் கர்ப்பிணியின் அம்மா அல்லது கணவர். பாசத்தில் கேட்கிறார்கள். மருத்துவ உலகமும் பல பத்தாண்டுகள் இப்படித்தான் நினைத்தது, அதற்குக் காரணமும் இருந்தது.

1950-களின் கடைசியில் தாலிடமைடு என்ற மருந்து சந்தைக்கு வந்தது. கர்ப்பகாலத்து வாந்தி மயக்கத்துக்கு நல்லது என்று பரவியது. 1961-இல் அதைத் திரும்பப் பெறும் வரைக்கும் பல நாடுகளில் 10,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் கை கால் முழுதாக வளராமல் பிறந்திருந்தன. உலகமே அதிர்ந்துபோனது. அதிலிருந்து பலரும் எடுத்துக்கொண்ட பாடம், கர்ப்பிணிகளை ஆய்வுப் பக்கமே விடக்கூடாது என்பது. 1977-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, கருத்தரிக்கக்கூடிய வயதிலுள்ள பெண்களையே ஆரம்பக்கட்ட மருந்து ஆய்வுகளில் சேர்க்க வேண்டாம் என்றது. 1993-இல்தான் அதை மாற்றிக்கொண்டது.

ஆனால் தாலிடமைடு ஒரு ஆய்வில் நடந்த விபத்து அல்ல. கர்ப்பிணிகளிடம் முறையாக ஆராயாமலே அதைக் கடைகளில் விற்றார்கள். ஒழுங்கான ஆய்வு நடந்திருந்தால், நிறுத்துவதற்கு முன் பாதிக்கப்பட்டவர்கள் ஒரு சிலராக இருந்திருப்பார்கள்.

கர்ப்பிணிகளுக்கும் நோய் வரும். வலிப்பு, ஆஸ்துமா, மன அழுத்தம், சர்க்கரை எல்லாம் பத்து மாதம் காத்திருக்காது. அவர்களுக்கும் மருந்து கொடுத்தே ஆக வேண்டும், ஆனால் எந்த அளவு, எந்த மாதம், குழந்தைக்கு என்ன ஆகும் என்று சொல்ல ஆதாரம் இருக்காது. கொரோனா தடுப்பூசியின் முதல் பெரிய ஆய்வுகளில் கர்ப்பிணிகளைச் சேர்க்கவில்லை. அதே சமயம், கொரோனா வந்தால் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போகும் ஆபத்து கர்ப்பிணிகளுக்கு அதிகம் என்று தெரிய வந்தது. ஊசி போடலாமா கூடாதா என்று அவர்கள் கேட்டபோது கையில் தெளிவான பதில் இல்லாமல் நின்றோம். பாதுகாக்கிறோம் என்று விலக்கி வைத்தவர்களைத்தான் கடைசியில் கைவிட்டோம்.

எது நல்லது என்று டாக்டருக்குத் தெரியாதா? தெரியாமலா சிகிச்சை கொடுக்கிறார்கள்?

நிறைய தெரியும். சில விஷயங்களில் தெரியும் என்று உறுதியாக நம்பியிருந்தார்கள், தெரியவில்லை.

1940-களில் குறைமாதக் குழந்தைகளை இன்குபேட்டரில் வைத்துத் தாராளமாக ஆக்சிஜன் கொடுத்தார்கள். மூச்சுத் திணறும் குழந்தைக்கு ஆக்சிஜன் கொடுப்பது தப்பு என்று யார் நினைப்பார்கள்? அதே ஆண்டுகளில் உயிர்பிழைத்த குறைமாதக் குழந்தைகள் கூட்டம் கூட்டமாகப் பார்வை இழந்தன. உலகம் முழுவதும் சுமார் 10,000 குழந்தைகள் என்று மதிப்பிடுகிறார்கள். அளவுக்கு மிஞ்சிய ஆக்சிஜன் விழித்திரையின் இரத்தக் குழாய்களைக் கெடுக்கிறது என்று 1953-54-இல் பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஆய்வுதான் உறுதி செய்தது. உடனே எல்லோரும் ஆக்சிஜனை வெகுவாகக் குறைத்தார்கள். பார்வை இழப்பு குறைந்தது, ஆனால் மூச்சுக்குத் திணறி இறந்த குழந்தைகளின் எண்ணிக்கை கூடியது.

சரி, அப்படியானால் எவ்வளவுதான் கொடுப்பது? இதற்கு ஓரளவு நல்ல பதில் கிடைக்க இன்னும் அறுபது ஆண்டுகள் ஆயின. பல நாடுகளில் நடந்த ஐந்து ஆய்வுகளின் விவரங்களை ஒன்றாகச் சேர்த்து, ஏறத்தாழ 5,000 குழந்தைகளின் கணக்கை 2018-இல் வெளியிட்டார்கள். இரத்தத்தில் ஆக்சிஜன் அளவை 85 முதல் 89 சதவீதத்துக்குள் வைத்த குழந்தைகளில் 19.9 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். 91 முதல் 95-க்குள் வைத்தவர்களில் இறந்தவர்கள் 17.1 சதவீதம். கண்ணுக்குச் சிகிச்சை தேவைப்பட்டது இரண்டாவது கூட்டத்தில் அதிகம். வேறுபாடு மிகச் சிறியது. ஒரு வார்டில் வாழ்நாள் முழுக்க வேலை பார்த்த அனுபவசாலியால்கூட மூன்று சதவீத வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆயிரக்கணக்கில் எண்ணினால்தான் தெரியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆய்வு செய்து பதில் கிடைத்தாலும் அதைக் கேட்பதற்கு ஆள் வேண்டும். கருச்சிதைவைத் தடுக்கும் என்று நம்பி, டை எதில் ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற ஹார்மோனைக் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார்கள். 1953-இல் சிகாகோவில் 1,600-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வு, அதனால் பயனில்லை என்று தெளிவாகக் காட்டியது. கொடுப்பது நிற்கவில்லை. அந்த மருந்தை உட்கொண்ட தாய்மார்களின் மகள்களுக்கு இளம் வயதிலேயே அரிதான ஒரு யோனிப் புற்றுநோய் வருகிறது என்று 1971-இல் தெரிந்த பிறகுதான் கைவிட்டார்கள். இடைப்பட்ட பதினெட்டு ஆண்டுகளை நினைத்தால் இன்றும் ஆறவில்லை எனக்கு.

ஆய்வால் உண்மையிலேயே நன்மை நடந்ததற்கு ஒரு உதாரணம் சொல்லுங்கள்.

ஸ்டீராய்டு ஊசி. குறைமாதப் பிரசவம் ஆகும் போலிருந்தால் தாய்க்குப் போடுவார்களே, அதுதான். பிறக்கப் போகும் குழந்தையின் நுரையீரல் வேகமாக முதிர்ச்சி அடைய அது உதவும்.

இது ஆட்டுக் கொட்டகையில் தொடங்கிய கதை. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் கிரகாம் லிக்கின்ஸ் என்ற மகப்பேறு மருத்துவர், பிரசவ வலி எப்படித் தொடங்குகிறது என்று செம்மறி ஆடுகளிடம் ஆராய்ந்துகொண்டிருந்தார். ஸ்டீராய்டு பெற்ற ஒரு குட்டி, உயிர் பிழைக்கவே முடியாத அளவு முன்கூட்டிப் பிறந்தும் மூச்சு விட்டது. நுரையீரலில் காற்று நிரம்பியிருந்தது. அதை அவர் சும்மா கடந்துபோகவில்லை. குழந்தை மருத்துவர் ராஸ் ஹோவியோடு சேர்ந்து 282 தாய்மார்களிடம், யாருக்கு ஊசி என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்து, ஆய்வு நடத்தி 1972-இல் வெளியிட்டார். எதிர்பாராமல் குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளில், ஊசி போடாத பிரிவில் 15 சதவீதம் பேர் முதல் சில நாட்களில் இறந்தார்கள். ஊசி போட்ட பிரிவில் 3.2 சதவீதம்.

இவ்வளவு தெளிவாக இருந்தும் அது எல்லா வார்டுகளுக்கும் போய்ச் சேர இருபது ஆண்டுக்கு மேல் ஆனது. இடையில் வேறு இடங்களில் நடந்த ஆய்வுகளை நெடுநாள் யாரும் ஒன்றாக அடுக்கிப் பார்க்கவில்லை. ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் என்ற அமைப்பின் சின்னத்தில் இருக்கும் சிறு கோடுகள் இந்த ஸ்டீராய்டு ஆய்வுகளின் முடிவுகளைக் குறிப்பவைதான்.

ஒரு இடத்தில் வேலை செய்தால் எல்லா இடத்திலும் வேலை செய்யும்தானே? திரும்பத் திரும்ப ஏன் ஆய்வு?

அப்படித்தான் நாங்களும் நம்பினோம். அதே ஸ்டீராய்டு ஊசியை, வசதி குறைந்த ஆறு நாடுகளில் கிராமப்புற மையங்கள் வரை கொண்டுபோய்ச் சோதித்த ஆய்வு 2015-இல் வெளியானது. ஏறத்தாழ ஒரு லட்சம் பிரசவங்கள். சின்னக் குழந்தைகளின் இறப்பு குறையவில்லை. மொத்தமாகப் பார்த்தால் பச்சிளம் குழந்தைகளின் இறப்பு சற்றுக் கூடியே இருந்தது, தாய்மார்களுக்குத் தொற்றும் அதிகமானது. கர்ப்பத்தின் வாரக் கணக்கு ஸ்கேன் மூலம் சரியாகத் தெரியாததால், ஊசி தேவையே இல்லாத பலருக்கும் அது போடப்பட்டிருந்தது.

அப்புறம், வாரக் கணக்கை ஸ்கேன் மூலம் உறுதிசெய்து, பச்சிளம் குழந்தைகளைக் கவனிக்க வசதியுள்ள மருத்துவமனைகளில் மட்டும் வங்கதேசம், இந்தியா, கென்யா, நைஜீரியா, பாகிஸ்தான் ஆகிய ஐந்து நாடுகளில் மறுபடி பார்த்தார்கள். 2020-இல் வந்த அந்த முடிவில் குழந்தை இறப்பு 23.5 சதவீதத்திலிருந்து 19.6 ஆகக் குறைந்திருந்தது. ஊசி அதேதான், யாருக்கு, எங்கே, எப்போது என்பதில்தான் வித்தியாசம்.

இதைவிட வேதனையான ஒன்று உண்டு. பிறக்கும்போது மூளைக்கு ஆக்சிஜன் போதாமல் பாதிக்கப்பட்ட நிறைமாதக் குழந்தைகளை 72 மணி நேரம் குளிர்நிலையில் வைத்திருக்கும் சிகிச்சை பணக்கார நாடுகளில் பலன் தந்தது. இந்தியா, இலங்கை, வங்கதேசம் மூன்றிலும் 408 குழந்தைகளிடம் அதைச் சோதித்து 2021-இல் வெளியிட்டார்கள். குளிர்வித்த குழந்தைகளில் 42 சதவீதமும் குளிர்விக்காதவர்களில் 31 சதவீதமும் இறந்திருந்தார்கள். அந்த ஆய்வு நடக்காமல் போயிருந்தால், நல்லது செய்கிறோம் என்று நம்பிக்கொண்டே அதைத் தொடர்ந்திருப்போம்.

எனக்கு எந்தச் சிகிச்சை என்பதைக் குலுக்கல் போட்டா முடிவு செய்வார்கள்?

குலுக்கல்தான். இப்போது கம்ப்யூட்டர் செய்கிறது. கேட்கவே ஒரு மாதிரி இருக்கும், தெரியும்.

டாக்டரே தேர்ந்தெடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். மனிதர்தானே, நிலைமை மோசமாக இருப்பவருக்குப் புது மருந்தைக் கொடுத்துப் பார்ப்போம் என்று தோன்றும். இல்லையென்றால் தாங்கக்கூடியவருக்கே கொடுப்போம் என்று தோன்றும். எப்படி இருந்தாலும் கடைசியில் வித்தியாசம் மருந்தால் வந்ததா, ஆட்களால் வந்ததா என்று பிரிக்க முடியாது. குலுக்கலில் வயது, எடை, முதல் பிரசவமா இரண்டாவதா என்ற எல்லாமே இரு பக்கமும் ஏறக்குறைய சமமாகக் கலந்துவிடும்.

ஒரு நிபந்தனை உண்டு. எது மேல் என்று உண்மையிலேயே தெரியாதபோது மட்டும்தான் குலுக்கல் நியாயம். ஒன்று நல்லது என்று ஏற்கெனவே தெரிந்திருந்தால் மற்றதை ஒருவருக்குக் கொடுப்பது அநியாயம், அப்படிப்பட்ட ஆய்வுக்கு அனுமதி கிடைக்கக் கூடாது.

பிளாசிபோ பிரிவில் விழுந்தால் எனக்கோ குழந்தைக்கோ வெறும் தண்ணீரைத்தான் கொடுப்பார்களா?

வெறும் தண்ணீர் மட்டும் கொடுத்து யாரையும் விட்டுவிட மாட்டார்கள். வழக்கமாகக் கிடைக்க வேண்டிய சிகிச்சை இரு பிரிவுக்கும் முழுதாகக் கிடைக்கும், அதற்கு மேல்தான் மருந்தோ, மருந்து போலவே தெரியும் ஆனால் மருந்து இல்லாத பிளாசிபோவோ. பிரசவத்துக்குப் பின் அதிக உதிரப்போக்கு ஏற்பட்ட பெண்களிடம் நடந்த பெரிய ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் ஊசி, இரத்தம் ஏற்றுவது, தேவைப்பட்டால் அறுவை சிகிச்சை என எல்லாமே எல்லோருக்கும் உண்டு. கூடுதலாகப் பாதிப் பேருக்கு இரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமிலம் என்ற மருந்து, மீதிப் பேருக்கு அதைப் போலவே தெரியும் உப்புநீர். அதன் முடிவைக் கீழே சொல்கிறேன்.

சாகக் கிடக்கும் பெண்ணிடம் எப்படி ஒப்புதல் வாங்குவீர்கள்?

சரியான கேள்வி. இதற்கு முழு நிம்மதி தரும் பதில் யாரிடமும் இல்லை.

மேலே சொன்ன ஆய்வு 21 நாடுகளில் 20,060 பெண்களிடம் நடந்து 2017-இல் வெளியானது. நினைவோடு இருந்து முடிவு சொல்லக்கூடியவரிடம் அவரிடமே கேட்டார்கள். முடியாதவருக்கு உறவினரிடம் கேட்டார்கள். யாரும் அருகில் இல்லையென்றால் ஆய்வு நியாயமானதா என்று பார்த்து அனுமதி தரும் அறநெறிக் குழு முன்கூட்டியே ஒப்புக்கொண்ட முறைப்படி சிகிச்சையைத் தொடங்கிவிட்டு, அந்தப் பெண் தேறிய பிறகு அவரிடம் விஷயத்தைச் சொல்லிச் சம்மதம் கேட்டார்கள். படிவத்தோடு அரை மணி நேரம் நின்றால் அந்த அரை மணி நேரத்திலேயே உயிர் போகலாம். மருந்து எவ்வளவு சீக்கிரம் போகிறதோ அவ்வளவு பலன் என்பதுதான் முடிவாகவும் வந்தது. மூன்று மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்களில் உதிரப்போக்கால் இறந்தவர்கள் 1.2 சதவீதம், பெறாதவர்களில் 1.7 சதவீதம்.

இந்த மருந்தை ஜப்பானில் உதாகோ ஒகமோட்டோ என்ற பெண் விஞ்ஞானியும் அவருடைய கணவரும் கண்டுபிடித்து 1962-இல் எழுதினார்கள். பிரசவத்தில் இரத்தம் போய் இறக்கும் தாய்மார்களுக்காகத்தான் அவர் அதைத் தேடினார். அவர் காலத்து மகப்பேறு மருத்துவர்கள் அதை ஆராய முன்வரவில்லை. ஆய்வின் முடிவு வருவதற்கு முந்தைய ஆண்டு, 2016-இல், அவர் காலமானார்.

பிரசவ வலியில் இருப்பவரிடம் சம்மதம் கேட்பதும் கிட்டத்தட்ட இதே சிக்கல்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், வலி உச்சத்தில் இருந்த ஒரு பெண்ணிடம் படிவத்தைப் படித்துக் காட்டினேன். தலையை ஆட்டினார், கையெழுத்தும் போட்டார். மறுநாள் போய்ப் பேசினால் அப்படி ஒன்று நடந்ததே அவருக்கு நினைவில்லை. அதை நான் சம்மதம் என்று எழுதியிருந்தேன். அன்றிலிருந்து ஏழாவது எட்டாவது மாதத்திலேயே பேசிவிட வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறேன். முன்பே படிவத்தை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படிக்கச் சொல்லி, வலி வந்த பிறகு ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்பது நல்ல முறை.

கணவரோ மாமியாரோ எனக்குப் பதிலாகக் கையெழுத்துப் போடலாமா?

நீங்கள் நினைவோடு இருக்கும்போது கூடாது. அவர்களோடு கலந்து பேசுங்கள், அது உங்கள் விருப்பம். ஆனால் உடம்பு உங்களுடையது, பதிலும் உங்களுடையதாக இருக்க வேண்டும். குழந்தையைச் சேர்க்கும் ஆய்வில் பெற்றோர் சம்மதம் தேவை.

வேண்டாம் என்றால் சிகிச்சையில் குறை வைப்பார்களா?

கூடாது. அப்படி யாராவது பேச்சிலோ முகத்திலோ காட்டினால் அறநெறிக் குழுவிடம் புகார் செய்யுங்கள். அதன் தொடர்பு எண் படிவத்தில் இருக்கும். சேர்ந்த பிறகும் எந்த நாளிலும் காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம்.

பெண்களிடம் சொல்லாமலே ஆய்வு செய்த கதைகளைக் கேள்விப்பட்டிருக்கிறேன். உண்மையா?

உண்மை. மறைக்கக் கூடாத உண்மை.

1956-இல் புவேர்ட்டோ ரிக்கோவில் முதல் கருத்தடை மாத்திரையைப் பெரிய அளவில் சோதித்தார்கள். இன்றைய மாத்திரைகளைவிட ஹார்மோன் பல மடங்கு அதிகம். இது கர்ப்பம் தங்காமல் இருக்க உதவும் மாத்திரை என்று சொன்னார்களே தவிர, இது ஒரு சோதனை என்று அந்தப் பெண்களுக்குச் சொல்லவில்லை. தலைச்சுற்றல், குமட்டல், தலைவலி பற்றி அங்கேயே இருந்த மருத்துவர் எச்சரித்தும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இன்னொன்று ஆக்லாந்தில். ஸ்டீராய்டு ஊசி பிறந்த அதே தேசிய பெண்கள் மருத்துவமனையில். கர்ப்பப்பை வாயில் காணும் ஆரம்ப மாற்றம் புற்றுநோயாக மாறாது என்று அங்கே ஒரு பேராசிரியர் நம்பினார். 1966 முதல், அந்த மாற்றம் இருந்த பல பெண்களுக்கு முறையான சிகிச்சை தராமல் கவனித்து மட்டும் வந்தார். அந்தப் பெண்களுக்குத் தாங்கள் ஆய்வில் இருப்பதே தெரியாது. அவருடைய உடன் பணியாற்றியவர்களே 1984-இல் கணக்கை வெளியிட்டார்கள். மாற்றம் தொடர்ந்து இருந்த 131 பெண்களில் 29 பேருக்கு அது புற்றுநோயாக மாறியிருந்தது. 1987-இல் இரண்டு பெண் எழுத்தாளர்கள் பத்திரிகையில் எழுதிய பிறகுதான் நீதிபதி சில்வியா கார்ட்ரைட் தலைமையில் விசாரணை நடந்தது. மருத்துவமனையிலிருந்து விலகி நிற்கும் அறநெறிக் குழுக்களும் நோயாளிகளின் உரிமைச் சட்டமும் நியூசிலாந்தில் அதன் பிறகு வந்தவை.

ஒரே மருத்துவமனை, ஏறக்குறைய ஒரே காலம். ஒரு அறையில் எத்தனையோ குழந்தைகளைக் காப்பாற்றிய ஆய்வு, இன்னொரு அறையில் இது. ஆராய்ச்சி நல்லதா கெட்டதா என்று என்னிடம் கேட்பவர்களுக்கு இந்த இரண்டையும் சேர்த்தே சொல்வேன். ஒன்றில் கேள்வி திறந்திருந்தது, குலுக்கல் இருந்தது. மற்றதில் பதில் ஏற்கெனவே ஒருவர் மனதில் முடிவாகியிருந்தது, பெண்களிடம் யாரும் எதையும் கேட்கவில்லை.

நடுவில் ஆபத்து தெரிந்தால் யார் நிறுத்துவார்கள்?

ஆய்வை நடத்துபவர்களோடு தொடர்பில்லாத ஒரு கண்காணிப்புக் குழு இருக்கும். யார் எந்தப் பிரிவில் என்ற விவரம் அவர்கள் கைக்கு மட்டும் போகும். இடையிடையே எண்ணிப் பார்ப்பார்கள். கெடுதல் தெரிந்தால் நிறுத்தச் சொல்வார்கள், நன்மை மிகத் தெளிவாகத் தெரிந்தாலும் நிறுத்தச் சொல்வார்கள்.

1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் போதாமல் தாயின் மார்போடு சேர்த்துக் குறைமாதக் குழந்தைகளை வைத்துக் காத்தார்கள். கங்காரு பராமரிப்பு என்பது அதுதான். பல காலம் குழந்தையின் உடல்நிலை சீரான பிறகுதான் அதைத் தொடங்குவது வழக்கம். பிறந்தவுடனே தொடங்கினால் என்ன என்று கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியாவில் 3,211 சிறு எடைக் குழந்தைகளிடம் பார்த்தார்கள். உடனே தாயின் மார்பில் வைத்த குழந்தைகளில் 12 சதவீதம் பேரும் காத்திருந்தவர்களில் 15.7 சதவீதம் பேரும் இறந்திருந்தார்கள். மீதிக் குழந்தைகளை இனியும் காக்க வைப்பது நியாயமில்லை என்று கண்காணிப்புக் குழு ஆய்வை முன்கூட்டியே முடிக்கச் சொல்லிவிட்டது. தாயின் மார்புச் சூடு ஒரு பெரிய மருந்து என்பதை எண்ணிக்கையில் பார்த்தபோது வார்டில் நாங்கள் எல்லோருமே கொஞ்ச நேரம் பேசவில்லை.

எல்லா ஆய்வும் மருந்தைப் பற்றியதுதானா?

இல்லை. பிரசவத்தின்போது இடுப்புக்குக் கீழே விரித்து வைக்கும், அளவுக் கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் விரிப்பு. போகும் இரத்தம் அதில் சேரும். கண்ணால் பார்த்து "ரொம்பப் போகவில்லை" என்று சொல்வது பல சமயம் தவறாக இருக்கும், கோடு பொய் சொல்லாது. கோட்டைத் தாண்டியவுடன் மசாஜ், ஊசி, டிரானெக்சாமிக் அமிலம், டிரிப்ஸ், பரிசோதனை எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திருக்காமல் ஒரே மூச்சில் செய்ய வேண்டும். ஆப்பிரிக்காவில் நான்கு நாடுகளில் 80 மருத்துவமனைகளில், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களில் இதைச் சோதித்து 2023-இல் வெளியிட்டார்கள். கடுமையான உதிரப்போக்கு, அதற்காக வயிற்றைத் திறக்கும் அறுவை, அதனால் இறப்பு ஆகியவை சேர்ந்து 4.3 சதவீதத்திலிருந்து 1.6 ஆகக் குறைந்தன. இங்கே குலுக்கல் தனித்தனிப் பெண்களுக்கு அல்ல, முழு மருத்துவமனைகளுக்கு.

பெரியவர்களுக்குச் சரியான மருந்தைக் குழந்தைக்கு அளவு குறைத்துக் கொடுத்தால் போதாதா?

போதாது. பச்சிளம் குழந்தை ஒரு சின்னப் பெரியவர் கிடையாது. 1950-களில் தொற்றைத் தடுக்க குளோராம்பெனிகால் என்ற ஆன்டிபயாட்டிக்கை குறைமாதக் குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். அதை உடைத்து வெளியேற்றும் திறன் அவர்களின் கல்லீரலுக்கு இன்னும் வந்திருக்கவில்லை. மருந்து உடம்பிலேயே தேங்கி, உடல் சாம்பல் நிறமாகி இறந்தார்கள். மருந்து கொடுத்த குழந்தைகள் கொடுக்காதவர்களைவிட அதிகம் இறந்ததை 1959-இல் வெளியான ஆய்வுதான் காட்டியது.

பரிசோதனைக்கு எடுக்கும் இரத்தத்தின் அளவையும் கேளுங்கள். ஒரு கிலோ எடையில் பிறந்த குழந்தையின் உடலில் இருக்கும் மொத்த இரத்தமே சுமார் 100 மில்லிதான். இதனால் நல்ல ஆய்வுகளில் எப்படியும் எடுக்க வேண்டிய இரத்தத்திலேயே மிச்சத்தைப் பயன்படுத்துவார்கள். எத்தனை முறை ஊசி, எவ்வளவு இரத்தம் என்று கேட்பது உங்கள் உரிமை.

குழந்தைப்பேறு சிகிச்சையில் "புதுசா வந்திருக்கு, கூடுதலா பண்ணிப் பார்க்கலாம்" என்கிறார்களே, அதுவும் ஆய்வா?

பெரும்பாலும் இல்லை. ஒப்புதல் படிவம் இல்லை, அறநெறிக் குழு இல்லை, ஒப்பிடுவதற்கு இன்னொரு பிரிவு இல்லை, பணம் மட்டும் உங்களுடையது என்றால் அதை ஆய்வு என்று நம்பாதீர்கள். கர்ப்பப்பையின் உட்சுவரை லேசாகச் சுரண்டினால் டெஸ்ட் டியூப் சிகிச்சையில் கரு நன்றாகத் தங்கும் என்று பல இடங்களில் செய்துவந்தார்கள். 1,364 பெண்களிடம் குலுக்கல் முறையில் பார்த்து 2019-இல் வெளியிட்டார்கள். சுரண்டியவர்களில் 26.1 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது, சுரண்டாதவர்களிலும் அதே 26.1 சதவீதம். வலியும் செலவும் மட்டும் மிச்சம். குழந்தைக்காக ஏங்கி ஏங்கிச் சோர்ந்தவர்களிடம் ஆதாரமில்லாததை விற்பது என்னால் பொறுத்துக்கொள்ள முடியாத காரியம்.

நான் சேர்ந்தால் எனக்குப் பணம் தருவார்களா?

போக்குவரத்துச் செலவு, வீணான நேரத்துக்கு ஈடு தருவது வழக்கம். ஆய்வால் கெடுதல் நேர்ந்தால் யார் பொறுப்பு, சிகிச்சைச் செலவு யாருடையது என்பது படிவத்தில் எழுதியிருக்க வேண்டும். அந்தப் பக்கத்தைக் கட்டாயம் படியுங்கள்.

கையெழுத்துப் போடும் முன் என்ன கேட்க வேண்டும்?

சேராவிட்டால் எனக்கு என்ன சிகிச்சை கிடைக்கும்? இதை முதலில் கேளுங்கள், இதற்கு நேரான பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடலாம். இதே கேள்விக்கு முன்பு யாராவது பதில் கண்டார்களா, பிறகு ஏன் இன்னொரு முறை என்று கேளுங்கள். பணம் கொடுப்பது யார்? ஆய்வுப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிவு செய்திருக்கிறார்களா? முடிவு எப்படி வந்தாலும் வெளியிடுவார்களா, எனக்கும் சொல்வார்களா?

கடைசிக் கேள்விக்குக் காரணம் உண்டு. குறைமாதப் பிரசவத்தைத் தடுக்கும் என்று 463 பெண்களிடம் நடந்த ஆய்வு 2003-இல் நம்பிக்கை தந்தது. அதை வைத்து ஒரு ஹார்மோன் ஊசிக்கு அமெரிக்காவில் 2011-இல் அனுமதி கிடைத்தது, மகேனா என்ற பெயரில். உறுதிப்படுத்துவதற்காக 1,708 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2019-இல் வந்தது. பயனில்லை. அனுமதியைத் திரும்பப் பெற 2023 ஆனது. ஆய்வில் சேர்ந்த ஒவ்வொரு பெண்ணும் நம்பிக் கொடுத்தது அவருடைய கர்ப்பம். அந்த முடிவைத் தூங்க விடுவது அவர்களுக்குச் செய்யும் துரோகம்.

குழந்தைக்கு இரண்டு வயதாகிவிட்டது. இன்னும் ஏன் கூப்பிடுகிறார்கள்?

பிறந்த வாரத்தில் நல்லதாகத் தெரிவது, பள்ளிக்குப் போகும் வயதில் எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டும். பார்வை, நடை, பேச்சு, கற்கும் திறன் எல்லாம் மெல்ல மெல்லத்தான் தெரியும். அந்த ஸ்டில்பெஸ்ட்ரால் ஹார்மோனின் கெடுதல் மகள்கள் வளர்ந்த பிறகுதானே வெளிவந்தது. வர முடியாது என்றால் சொல்லிவிடலாம், தொலைபேசியில் பேசினாலும் போதும் என்பார்கள்.

ஆக்லாந்தில் ஸ்டீராய்டு ஊசி பெற்ற தாய்மார்களின் பிள்ளைகளை முப்பது வயதில் தேடிப்போய்ப் பார்த்தார்கள். இரத்த அழுத்தம், கொழுப்பு, இதயம் எல்லாம் மற்றவர்களைப் போலவே இருந்தன, இன்சுலின் செயல்பாட்டில் மட்டும் சிறு வித்தியாசம். அன்று தாயிடம் கேட்டதை இந்த முறை வளர்ந்த பிள்ளைகளிடமே கேட்டார்கள். அவர்களில் நூற்றுக்கணக்கானவர்கள் வந்து கையை நீட்டினார்கள்.